அங்கே மணி என்ன?

1

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதத் தகுந்த ஆள் இல்லை. பத்தாவது வரைதான் படித்தேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறக்கவே எனக்குக் கூச்சம். ஊரிலிருந்து வரும் இந்தப் பத்திரிகையை எங்கள் அறையில் கை மாற்றிக் கை மாற்றிப் படிப்போம். வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுபவத்தை எழுதலாம் என்று அதில் போட்டிருந்ததைப் பார்த்தேன். படித்தவர்கள் எழுதுகிற பக்கத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனுக்கு என்ன வேலை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போன வாரம் நடந்த ஒரு சின்ன விஷயம் எழுத உட்கார வைத்துவிட்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓமானில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பெரிய கிடங்கில் வேலை செய்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை எங்களை உட்காரவைத்துப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பார்கள். வழக்கமாக ஒருவர் திரையில் படம் காட்டி ஆங்கிலத்தில் பேசுவார், நாங்கள் தலையாட்டுவோம். இந்த வருடம் பயிற்சி கொடுக்க வந்தது ஒரு பிலிப்பைன்ஸ் பெண். உள்ளே வந்ததும், எல்லோரும் போனை வெளியே எடுங்கள் என்றார். கேள்வி வாட்ஸ்அப்பில் வருமாம். பதிலை அதிலேயே அனுப்ப வேண்டுமாம்.

எல்லோரும் சிரித்துக்கொண்டே எடுத்தார்கள். என் கை மட்டும் சட்டைப்பைக்குப் போகவில்லை. பெஞ்சு, கரும்பலகை, போன் மூன்றையும் ஒரே அறையில் பார்ப்பது எனக்கு ஆகாது. அந்தப் பெண் பக்கத்தில் வந்து, போன் இல்லையா என்று கேட்டார். இருக்கிறது என்று எடுத்து மேஜைமேல் வைத்தேன். ஏன் தயங்கினேன் என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் போதாது. அதைத்தான் தமிழில் எழுதுகிறேன்.

2

எங்கள் வீடு பென்னலூரில். மனைவி ரோசி ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறாள். ஒரே மகள் ஜெனி. நானும் முன்பு அந்தப் பக்கத்துக் கிடங்குகளில் கான்ட்ராக்டில் வண்டி ஓட்டியவன்தான். கான்ட்ராக்ட் ஆளை நிறுத்துவதும் திரும்பக் கூப்பிடுவதுமாக இருந்ததில் அலுத்துப்போய்க் கிளம்பி வந்தேன். அப்போது ஜெனி இரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

நான் சொல்லப்போவது வாட்ஸ்அப் எங்கள் கைக்கு வராத காலத்தில் நடந்தது. அப்போது எங்களுக்கு மிஸ்டு கால்தான் கடிதம், தந்தி எல்லாம். ஒரு ரிங் அடித்து நின்றால், ரோசி ஷிப்ட் முடித்து வீடு வந்துவிட்டாள் என்று அர்த்தம். இரண்டு ரிங் என்றால் ஜெனி பேச வேண்டுமாம், கிடைக்கிற நேரத்தில் கூப்பிடு என்று அர்த்தம். நிற்காமல் அடித்தாலோ, திரும்பத் திரும்ப அடித்தாலோ கெட்ட செய்தி. அதுவரை ஒரு தடவைதான் அப்படி அடித்திருந்தது. என் தகப்பனார் இறந்த அன்று.

அறையில் எங்களோடு இருந்த மலையாளிக்கும் வங்காளதேசத்துக்காரருக்கும் இதே போல அவரவர் கணக்கு உண்டு. யாருடைய போனாவது கணக்கைத் தாண்டி அடித்தால் அறையே அமைதியாகிவிடும். சாதம் பிசைந்துகொண்டிருப்பவன் கையை அப்படியே வைத்துக்கொண்டு பார்ப்பான். போனுக்குரியவன் முகம் தெளிந்த பிறகுதான் அடுத்த வாய் இறங்கும்.

இரண்டு ரிங்குக்கு நான் கூப்பிட்டால் ஜெனியோடு நடக்கும் பேச்சு இவ்வளவுதான்.

"சாப்டியாமா?"

"ம்."

"ஸ்கூல் போனியா?"

"ம்."

"நல்லா படிக்கிறியா?"

"ம். இந்தாங்க, அம்மா பேசறாங்க."

எனக்கு வேறு கேள்வி கேட்கத் தெரியவில்லை. அவளுக்கு என்னிடம் கேட்க ஒன்றுமே இல்லை. இரண்டு ரிங்கை அழுத்துவதே ரோசிதான் என்பது எனக்குத் தெரியும். பின்னாலிருந்து "ஒரு வார்த்தை பேசுடி, உங்கப்பன்டி" என்று அவள் கிசுகிசுப்பது காதில் விழும். நானும் கேட்காதது போல இருந்துவிடுவேன். பிள்ளை வளர்கிறது, கூச்சப்படுகிறது, என்னைப் போல என்று சொல்லிக்கொள்வேன்.

3

ஜெனி ஒன்பதாவது படிக்கும்போது சமூக அறிவியலுக்கு ஒரு புது டீச்சர் வந்தார். பெயர் சண்முகவடிவு. திருநெல்வேலிப் பக்கம். கணவருக்கு ஒரகடத்தில் வேலை கிடைத்து எங்கள் ஊரில் வாடகைக்குக் குடிவந்தவர்கள். அவர் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகள் 'அண்ணாச்சி மிஸ்' என்று பெயர் வைத்திருந்தார்களாம். அவருக்கும் அது தெரியுமாம். பள்ளிக்கூடம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த ஒரு சிறிய தனியார் பள்ளி. வகுப்பில் நடந்ததை எல்லாம் பிறகு ரோசி ஜெனியிடம் கேட்டுக் கேட்டு எனக்குச் சொன்னாள்.

தீர்க்கக்கோடு பாடம். பூமி சுற்றுவதால் இடத்துக்கு இடம் நேரம் மாறுகிறது என்று டீச்சர் உலக உருண்டையைச் சுழற்றிக் காட்டியிருக்கிறார்.

"ஒரு பாகைக்கு எத்தன நிமிசம்?"

"நாலு மிஸ்!" என்று வகுப்பே கத்தியது.

"அப்படின்னா என்ன அர்த்தம்?"

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "நாலு நிமிசம்னு அர்த்தம் மிஸ்" என்றானாம்.

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, "யார் வீட்டுலலாம் வெளிநாட்டுல ஆளு இருக்கு?" என்று கேட்டார். மூன்று கைகள் எழுந்தன. அதில் ஒன்று ஜெனியுடையது.

"அப்ப புஸ்தகத்த மூடுங்க. நாளைக்கு வீட்டுப் போனைக் கொண்டாங்க. கூப்புட்டு அவங்ககிட்டயே கேட்ருவோம்."

"போன் எடுத்தாந்தா டிசி குடுத்துடுவாங்க மிஸ்."

"நான் சொல்லுதேன்லா. கொண்டாங்கட்டி."

டிசி என்ற பேச்சு விளையாட்டு இல்லை. போன் கொண்டுவந்தால் மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பப்படும் என்று பள்ளி வாசலிலேயே எழுதி வைத்திருந்தார்கள். அந்த வாரம் ரோசிக்கு செகண்ட் ஷிப்ட். காலையில் தூங்கிக்கொண்டிருந்தவளிடம் ஜெனி, "அம்மா, மிஸ் போன் கேட்டாங்க" என்று சொல்ல, அவளும் தூக்கத்திலேயே எடுத்துப்போகச் சொல்லியிருக்கிறாள்.

மற்ற இரண்டு பேரின் அப்பாக்களுக்கு அடித்துப் பார்த்தார்கள். ஒரு போன் அணைக்கப்பட்டிருந்தது, இன்னொன்று கிடைக்கவே இல்லை. மிச்சம் நான்தான். ஜெனி எனக்கு இரண்டு ரிங் கொடுத்தாள். நான் திரும்பக் கூப்பிடவில்லை. வண்டி ஓட்டும் நேரத்தில் எங்கள் போன் லாக்கரில்தான் இருக்கும். அது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

"இன்னொருவாட்டி குடுட்டி" என்றார் டீச்சர். கொடுத்தாள். பிறகு வகுப்பே கிளம்பிவிட்டது. "உங்க போன்ல டவரே இல்லடி, என் போன்ல அடி." "மிஸ், எங்க மாமா போன் கீது, இதுல போவும் மிஸ்." போனே கொண்டுவராதவர்கள் போலிருந்த பிள்ளைகளின் பையிலிருந்தெல்லாம் போன் வந்ததாம். ஒவ்வொருவராக என் எண்ணுக்கு அடித்தார்கள்.

4

இங்கே டீ பிரேக்கில் லாக்கரைத் திறந்தேன். ரோசியின் எண்ணிலிருந்து வரிசையாக மிஸ்டு கால். அதற்கு மேல் ஊர் எண்கள், எனக்குத் தெரியாத எண்கள், விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. தெரியாதவர்கள் எல்லாம் என்னைத் தேடுகிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? ரோசி வேலைக்குப் போகிற ரோட்டில் கம்பெனி பஸ்ஸும் டிரெய்லரும் போகிற வேகம் எனக்குத் தெரியும். யாரோ ரோசியின் போனைத் தெருவிலிருந்து எடுத்து ஆளாளுக்கு என் எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்றே மனதில் ஓடியது.

எங்கள் ஃபோர்மேன் ஒரு எகிப்துக்காரர், நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார். வாயில் வந்த இங்கிலீஷில், "மை ஹவுஸ்... ஃபினிஷ்" என்றேன். நாம் மனைவியை 'வீட்டில்' என்றுதானே சொல்வோம். வீட்டில் போய்விட்டாள் என்று சொல்ல நினைத்தேன். அவர் முகம் மலர்ந்தது. ஊரில் நான் வீடு கட்டி முடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். என் கையைப் பிடித்துக் குலுக்கி, "மப்ரூக், மப்ரூக்" என்றார். வாழ்த்துச் சொல்கிறார். நானும் தலையாட்டினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவர் நகர்ந்ததும் ரோசியின் எண்ணுக்கு அடித்தேன். எடுத்தார்கள். ஆனால் யாரும் பேசவில்லை. நிறைய பேர் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. சாவு வீட்டில் அப்படித்தான் இருக்கும்.

"ரோசி! இன்னா ஆச்சு? யாருக்கு இன்னா? உயிரோட கீறியா நீ? யாருன்னா பேசுங்கயா!"

என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. அங்கே ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. யாரோ ஒரு பிள்ளை சிரித்தது. சட்டென்று நிறுத்திக்கொண்டது. பிறகு ஜெனியின் குரல், மிக மெல்லியதாக வந்தது.

"ப்பா... அங்க டைம் இன்னா?"

நான் லாக்கரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மா எங்கமா?"

"வூட்ல தூங்கினு கீது. இது கிளாஸ்ப்பா. மிஸ் கேக்கச் சொன்னாங்க. அங்க டைம் இன்னா?"

"பத்து" என்றேன். "பத்து மணிமா."

"இங்க பதினொன்னரை ஆவுது" என்று யாரோ கத்தினார்கள். டீச்சரின் குரல் அதட்டி அடக்கியது. ஜெனி மறுபடி கேட்டாள்: "சூரியன் எங்க கீது ப்பா? உங்க நெழலு எப்படி வுழுதுனு பாக்கச் சொல்றாங்க."

நான் எழுந்து வெளியே போனேன். கன்டெய்னர்கள் அடுக்கி வைத்திருக்கும் முற்றத்தில் போய் நின்றேன். இத்தனை வருடமாக அங்கே வேலை செய்கிறேன், என் நிழலை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

"கிழக்கால சாஞ்சினு கீதுமா சூரியன். நெழலு நீட்டா கீது. அந்தாண்ட டயரு வரைக்கும் போவுது."

"ஏலே, நீ வெளிய ஓடிப்போய் உன் நெழலப் பாரு" என்று டீச்சர் யாரையோ அனுப்பினார். ஓடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்த பையன் மூச்சிரைக்கச் சொன்னான்: "மிஸ், குட்டி மிஸ்! காலுகிட்டயே கீது!"

அப்போது அந்த வகுப்பிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கோயில் தேர் நிலையை விட்டு அசையும்போது கூட்டம் போடுமே, அப்படி ஒன்று. "ஓ" என்று எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக. நாலு நிமிஷம் என்றால் என்ன அர்த்தம் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும்தான். "ப்பா, அங்க கடல் தெரியுதா? இன்னா கலரு?" என்று ஜெனி கேட்டாள். இது டீச்சர் கேட்கச் சொன்ன கேள்வி இல்லை. நான் சொல்ல ஆரம்பித்தேன். தண்ணீர் பச்சை, கரையில் மரமே இல்லை, மலை எல்லாம் வெறும் கல் என்று என்னென்னவோ சொன்னேன்.

நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அங்கே பெஞ்சுகள் இழுபடும் சத்தமும், பிள்ளைகள் எழுந்து நிற்கும் சத்தமும் கேட்டன. ஒரு ஆண் குரல், "யாருது இந்த போன்?" என்றது. இணைப்பு அறுந்துவிட்டது.

5

மற்ற போன்கள் எல்லாம் நொடியில் பைகளுக்குள் போய்விட்டன. ஜெனியின் போன் மட்டும் மேஜைமேல் பேசிக்கொண்டிருந்தது. நான்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

எங்கள் போனைப் பள்ளியில் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள்; அன்று மாலை ரோசி ஷிப்ட்டுக்குப் போகாமல் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்டாள்.

"இன்னாங்க, டிசி குடுத்துடுவேன்றாரு எச்.எம்மு. வெள்ளிக்கெழம வந்து பாக்கச் சொல்லிக்கீறாரு. அந்த மிஸ்ஸு நான்தான் கொண்டாரச் சொன்னேன்னு சொல்லிச்சு. அவரு நம்பமாட்டேன்றாரு. அவரு வராண்டாவுல வந்துனு இருந்தாராம், ஒரு ஆம்பள 'உயிரோட கீறியா'னு கத்தனான், அது இன்னா பாடமானு கேக்கறாரு. வூட்டுச் சண்டைய கிளாஸ்ல உக்காந்து பேசினு இருந்திருக்கா, மிஸ்ஸு மறைக்குதுன்றாரு."

தலைமை ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பள்ளிக்கூட ரோட்டின் இரண்டு பக்கமும் வாடகை அறைகள், எங்கெங்கிருந்தோ வந்த பையன்கள். போன் எண் எப்படியோ கை மாறி, பத்தாவது படிக்கும் பெண்கள் வீட்டை விட்டுப் போன கதை எங்கள் தெருவிலேயே உண்டு. அவருக்கு அந்தப் பயம். ஆனால் ஒன்பதாவது பாதியில், அதுவும் போன் விவகாரத்தில் டிசி வாங்கிய பெண்ணை வேறு எந்தப் பள்ளி சேர்க்கும்? வீட்டில் உட்காருவாள். உட்கார்ந்தால் சொந்தத்தில் யாராவது பெண் கேட்டு வருவார்கள். எல்லாம் எனக்குக் கண்முன் தெரிந்தது.

வியாழக்கிழமை தெரியாத ஊர் எண்ணிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. மிஸ்டு கால் இல்லை, முழு அழைப்பு.

"அண்ணாச்சி, நான் வடிவு டீச்சர் பேசுதேன். நீங்க நாளைக்கு எச்.எம்.கிட்ட பேசணும். ஏன் கத்துனியன்னு உள்ளதச் சொல்லிருங்க. அது பாடந்தான்னு நீங்க சொன்னாதான் நம்புவாரு."

"பாடம்னா உங்களுக்கு இன்னாமா ஆவும்?"



"பாடம்னா நான் சட்டத்த மீறுனேன். பாடம் இல்லன்னா உங்க மக மீறுனா. அவருக்கு ரெண்டுல ஒண்ணு வேணும்."

"வேற வழி எதுனா..."

"பாகைக் கணக்குல இருந்தா போட்ருக்க மாட்டேனா அண்ணாச்சி?" என்று சிரித்தார். "எனக்கு எங்கன போனாலும் ஒரு பள்ளிக்கூடம் கெடைக்கும். அந்தப் புள்ளைக்குக் கெடைக்காதுலா. யோசிக்காதிய."

அவருடைய வேலை நிரந்தரம் இல்லை, அந்த வருடம்தான் சேர்ந்தவர் என்று ரோசி சொல்லியிருந்தாள். நான் நன்றி என்று சொன்னேனா இல்லையா என்பது இப்போது நினைவில்லை.

6

இங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. காலையிலிருந்து சொல்லவேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரோசி சொன்ன நேரத்துக்குத் தலைமை ஆசிரியரின் எண்ணுக்கு அடித்தேன். அவர் தன் போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். ரோசி, ஜெனி, டீச்சர் மூவரும் எதிரில் நிற்கிறார்கள் என்று சொன்னார். எங்கள் போனும் அவர் முன்னால்தான் இருந்திருக்கிறது.

"கேமரா போனு. இதக் குடுத்து அனுப்பறீங்க வயசுப் பொண்ணுகிட்ட."

"கேமராமேல ஸ்டிக்கர் ஒட்டிக்கீது பாருங்க சார்" என்றாள் ரோசி. "கம்பெனி கேட்ல செக்யூரிட்டி ஒட்டனது. எடுத்தா வேலைக்கு உள்ள வுடமாட்டாங்க. அதுல படமே எடுக்க முடியாது சார்."

அவர் பேச்சை என் பக்கம் திருப்பினார். "நீங்க சொல்லுங்க. அன்னிக்கு எதுக்குக் கத்தனீங்க?" என்று என்னைக் கேட்டார்.

மனப்பாடம் செய்தது எல்லாம் போய்விட்டது. "சார், எங்க வூட்ல ஒரு ரிங்னா ஒரு அர்த்தம் சார்" என்று ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, நிற்காமல் அடிப்பது, அப்பா இறந்தது, லாக்கர், தெரியாத எண்கள் எல்லாவற்றையும் முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"சரி, லைன்ல இருங்க. பேசாதீங்க" என்றார். பிறகு, "ஏம்மா, நீ கொஞ்சம் வெளிய நில்லு" என்று ரோசியை அனுப்பினார். நான் சொன்னது பேசிவைத்துக்கொண்ட கதையா என்று பார்க்க நினைத்திருக்கிறார்.

"பாப்பா, உங்கம்மா ஒரு ரிங் குடுத்தா இன்னா?"

"வூட்டுக்கு வந்துட்டேன்னு சார்."

"அப்பா சொன்னதக் கேட்டுச் சொல்றியா?"

"இல்ல சார். எனக்கு மூணாவதுலேர்ந்து தெரியும்."

"ரெண்டு ரிங்னா, எப்ப கூப்புடணும்?"

"உடனே இல்ல சார். அப்பாவுக்கு எப்ப முடியுதோ அப்ப."

நான் அந்த விவரத்தை அவரிடம் சொல்லாமல் விட்டிருந்தேன். அவர் ரோசியை உள்ளே கூப்பிட்டு அதையே கேட்டார். அவளும் அதையே சொன்னாள்.

"அன்னிக்கு நீ எத்தன ரிங் குடுத்த?" என்று ஜெனியைக் கேட்டார்.

"மொதல்ல ரெண்டுதான் சார். எப்பவும் அம்மாதான் குடுப்பாங்க. அன்னிக்கு நான் குடுத்தேன். நான் பேசணும்னு."

பேசாதே என்று அவர் சொல்லியிருந்தார். அதனால் நான் பேசவில்லை.

"சரி. பாடம்தான்" என்றார் தலைமை ஆசிரியர். மேஜைமேல் எதையோ நகர்த்தும் சத்தம் வந்தது. ரோசியின் பக்கம் போனைத் தள்ளியிருக்கிறார். "கூட்டிட்டுப் போங்கம்மா. கிளாஸுக்குப் போ பாப்பா. டீச்சர், நீங்க இருங்க."

நான் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. மகள் தப்பித்தாள் என்று இங்கே அறையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். நான் மட்டும் குடிக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளி உண்டு. ஜெனி போனாள். சமூக அறிவியல் பீரியடுக்குக் கணக்கு வாத்தியார் வந்தார். புத்தகத்தை எடுக்கச் சொல்லி, அடுத்த பாடத்தை ஆரம்பித்தார்.